நத்தார் மேசை பிறந்த கதை

நவம்பர் மழை ஓட்டில் விழத் தொடங்கியதும் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கலண்டர் இறங்கிவிடும். அம்மா அதைக் குசினி மேசையில் விரித்து வைத்து டிசம்பர்த் தாளில் விரலை ஓட்டுவார். நத்தாருக்கு என்ன சமைப்பது என்ற யோசனை எங்களுக்கு அடுப்பில் தொடங்குவதில்லை, நிலவில்தான் தொடங்கும்.

போயா எந்த நாளில் என்பது முதற் கேள்வி. முழுநிலா நாளான போயாவில் இலங்கை முழுவதும் இறைச்சிக் கடைக்கும் சாராயக் கடைக்கும் பூட்டு. 2004இலும் 2023இலும் டிசம்பர் 26 போயாவாக வந்தது. அப்படி வரும் வருடத்தில் மறுநாள் வருகிற விருந்தாளிக்கும் சேர்த்து 24ஆம் திகதியே இறைச்சி வாங்கிவிட வேண்டும். இரண்டாவது கேள்வி நண்டு. பறுவகாலத்து நண்டில் சதையில்லை, ஓட்டைக் கழற்றினால் தண்ணீர்தான் என்பது மட்டக்களப்பு வாவியில் வலை போடுகிறவர்களின் தீர்ப்பு. ஆகவே நிலா பெருத்திருந்தால் இறால், தேய்ந்திருந்தால் நண்டு. மூன்றாவது திருவெம்பாவை. மார்கழித் திருவாதிரையோடு முடியும் அந்தப் பத்து நாட்களும் பல வருடங்களில் நத்தாரோடு முட்டிக்கொள்ளும். மதிலுக்கு அப்பால் உள்ள சைவ வீட்டில் மச்சம் புழங்காத காலம் அது. கேக் கொடுக்கலாமென்றால் அதில் முட்டை.

“மறுகா அவங்களுக்கு என்னத்தக் குடுக்கிற?” என்று பெரியம்மா வருடம் தவறாமல் கேட்பார். வருடம் தவறாமல் எள்ளுருண்டையும் வாழைப்பழமும் என்று பதில் வரும். இருந்தாலும் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

பௌத்தர்களின் கலண்டர் ஒன்று, சைவர்களின் கலண்டர் ஒன்று, வாவியின் கலண்டர் ஒன்று. மூன்றையும் விசாரித்த பிறகுதான் எங்கள் கத்தோலிக்கச் சாப்பாடு தீர்மானமாகும். இந்த மேசை எங்கே, எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால் சமையல் புத்தகத்தைவிடச் சொற்கள்தான் அதிகம் உதவி செய்கின்றன.

‘நத்தார்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கீச மொழியில் யேசு பிறப்பு விழாவின் பெயர் ‘நத்தால்’. சிங்களத்தில் அது ‘நத்தல்’ ஆனது. தமிழில் கடைசியில் ஒரு ‘ர்’ வந்து ஒட்டி, ஏதோ மரியாதைக்குரிய பெரியவரைக் கூப்பிடுவதுபோல ஆகிவிட்டது. (வெள்ளைத் தாடிக் கிழவரை நாங்கள் நத்தார் பாப்பா என்போம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அது தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்று வெகுநாள் நினைத்திருந்தார்.) அம்மா நின்று சமைக்கும் குசினி, கேக் ஆறும் மேசை, பொரிக்கும் தாச்சி, பாண், பாண் வேகும் போறணை, வினாகிரி, கஜு, பூசணித் தோசி எல்லாம் போர்த்துக்கீசத்திலிருந்து கரையேறியவை. மட்டக்களப்பில் நத்தார் வேலை செய்கிற பெண் ஒருத்தி தனக்குத் தெரியாமலே அரைவாசி நேரம் போர்த்துக்கீசம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போர்த்துக்கீசரின் கோட்டை இங்கே நின்றது பத்தே வருடம். கொன்ஸ்தாந்தீனு த சா என்ற தளபதி 1628இல் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் அதைக் கட்டினார். 1638 மே மாதம் ஒல்லாந்தர், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் போர்த்துக்கீசர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுதான். பத்து வருடத்தில் வந்து போனவர்கள் இத்தனை சொல்லை எப்படி விட்டுப் போனார்கள்? அவர்கள் போகவில்லை என்பதுதான் விடை. கொடி போனது, குடும்பங்கள் நின்றன. இங்குள்ள பெண்களைக் கட்டி, தமிழும் போர்த்துக்கீசமும் கலந்து பேசி, பறங்கியர் என்று பெயர் பெற்ற ஒரு சமூகம் உண்டானது. ஒல்லாந்து அதிகாரிகளின் வீடுகளில்கூட மனைவியரும் வேலைக்காரரும் பேசியது போர்த்துக்கீசம்தான். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்தார்கள். கோவிலை மூடலாம், குசினியை எப்படி மூடுவது?

அந்தப் பறங்கியர் இன்றும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். முதியவர்கள் வீட்டுக்குள் பேசும் போர்த்துக்கீசக் கிரியோல் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொழும்புப் பறங்கியரைப் போல அரசாங்க உத்தியோகமும் ஆங்கிலமும் இவர்களுக்கு வாய்க்கவில்லை. தச்சு வேலை, கொல்லு வேலை, தையல் என்று கைத்தொழிலில் நின்றவர்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கொழும்பில் ஒல்லாந்தர் விட்டுப்போன புரூடர் கேக்குக்கும் வாழையிலையில் சுட்ட லம்பிறைஸ் சோற்றுக்கும் பெரிய பெயர். எங்கள் பக்கத்தில் அவற்றுக்கு அவ்வளவு மவுசு இல்லை. எங்கள் மேசை போர்த்துக்கீசர் போட்ட மேசை.

ஆனால் அவர்கள் ஊரில் இருந்த சாமான் எதுவும் இங்கே இல்லை.

நத்தார்ச் சாப்பாட்டின் பிறப்பு இந்த இல்லாமையில்தான். மதேரா என்று அத்திலாந்திக் கடலில் ஒரு போர்த்துக்கீசத் தீவு. அங்கே இன்றும் நத்தாருக்குச் சமைப்பது, பன்றி இறைச்சியை வைனிலும் உள்ளியிலும் ஊறவைத்துப் பொரிக்கிற ஒரு பதார்த்தம். பெயரிலேயே வைனும் உள்ளியும் உண்டு. அது கோவாவுக்கு வந்து விந்தாலு ஆனது, இலங்கைப் பறங்கியர் வீட்டுக்கும் வந்தது. வைனுக்கு இங்கே எங்கே போவது? தென்னங்கள் புளித்துக் கிடைத்த வினாகிரி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. மிளகோடு, போர்த்துக்கீசரே அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மிளகாயும் சேர்ந்தது. எங்கள் வீட்டில் பன்றிக்குப் பதில் ஆடு. ஆட்டிறைச்சியை முதல் நாள் இரவே வினாகிரியும் உள்ளியும் இஞ்சியும் போட்டுப் பிரட்டி வைப்பார்கள். மதேராக்காரர் பார்த்தால் தன் பிள்ளை என்று ஒத்துக்கொள்ள மாட்டார். சாடை மட்டும் இருக்கும்.

கேக்கின் கதை இதைவிட நீளம். போர்த்துக்கலின் கன்னியர் மடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளையை எடுத்துவிட்டு, மிஞ்சிய மஞ்சட்கருவைச் சீனியோடு சேர்த்துப் பலகாரம் செய்தார்கள் என்று சொல்வார்கள். வாதுமைப் பருப்பு அந்தப் பலகாரங்களின் உயிர். வாதுமை நம் மண்ணில் வராது. ஆனால் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசர் எடுத்து வந்து கீழைத்தேசக் கரையெல்லாம் ஊன்றிய ஒரு மரம் மட்டக்களப்பின் மணல் நிலத்தில் தானாகவே வளர்ந்ததுபோல வளர்ந்தது. பிரேசில் பழங்குடிகள் அதற்கு வைத்த பெயரின் வால்தான் கஜு. (தமிழ்நாட்டில் முந்திரி என்பது இதைத்தான். எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பைப் பார்த்துக் கேக் செய்த என் சிற்றப்பா மகள் ஒருத்தி, கஜு போட வேண்டிய இடத்திலெல்லாம் திராட்சை போட்டுவிட்டாள். கேக் மோசமில்லை, கறுப்பாக இருந்தது.) வாதுமை இருந்த இடத்துக்குக் கஜு வந்தது. சீனியில் காய்ச்சிய ஐரோப்பியப் பழத்தின் இடத்துக்கு நீற்றுப்பூசணி வந்தது. பூசணியைத் துண்டாக்கி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, பாகில் போட்டுக் கண்ணாடிபோல வரும்வரை காய்ச்சுவதுதான் தோசி. கடையில் பூசணி அல்வா என்று கேட்டாலும் தருவார்கள். இதற்குமேல் அரேபியர் வழி வந்த பன்னீர், இந்த நாட்டின் சொந்தக் கறுவா, ஏலம், சாதிக்காய், காட்டுத் தேன்.

இந்தக் கூட்டில் ரவை சேர்ந்ததுதான் பெரிய விசேஷம் என்பது என் கட்சி. கோதுமை மாவில் செய்த கேக் பஞ்சாக எழும், இரண்டு நாளில் காய்ந்துவிடும். ரவையோ பட்டரையும் தேனையும் மஞ்சட்கருவையும் குடித்துக்கொண்டு கிடக்கும். நாளாக நாளாக ஈரமும் மணமும் கூடும். சோடாத்தூள் எதுவும் வேண்டாம், அடித்த முட்டையே தூக்கிக் கொடுக்கும். பழைய குறிப்புகளில் இருபது, இருபத்தைந்து முட்டை என்று எழுதியிருப்பதைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இதுதான் லவ் கேக்.

பிறகு ஆங்கிலேயர் தங்கள் பிளம் கேக்கோடு வந்தார்கள். கிழக்கில் புரட்டஸ்தாந்து சபையின் முதல் ஆட்களில் ஒருவர் மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அவர், 1815 ஏப்ரலில் காய்ச்சலில் இறந்துபோனார். ஆக இந்த ஊரில் அவர் கண்டது ஒரே ஒரு நத்தார். அவர் வழி வந்தவர்களின் பிளம் கேக்கில் பிளம் கிடையாது. அந்த நாளைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கே பிளம் என்று பெயர். அந்த வழக்கு இங்கிலாந்தில் மறைந்துவிட்டது, எங்கள் கடைகளில் மறையவில்லை. இன்றும் கால் கிலோ பிளம்ஸ் என்று கேட்டால் உலர்ந்த திராட்சையைத்தான் நிறுத்துத் தருவார்கள்.

போர்த்துக்கீச லவ் கேக்கும் ஆங்கில பிளம் கேக்கும் ஒரே குசினியில் கலியாணம் முடித்துப் பெற்ற பிள்ளைதான் இலங்கையின் நத்தார் கேக். ரவையும் கஜுவும் தோசியும் பன்னீரும் தாய் வழிச் சொத்து, பிளம்ஸும் இஞ்சிப் பாகும் பிராண்டியும் தகப்பன் வழி. ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் புத்தகம் இப்படிப்பட்ட குறிப்புகளை அச்சில் ஏற்றி நாடெங்கும் பரப்பியது. எங்கள் வீட்டுக்கு அந்தப் புத்தகம் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

காரணம் மட்டக்களப்பின் வீட்டு முறை. இங்கே வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து சேர்வார். அடுத்த மகள் வளர்ந்ததும் தாயும் தகப்பனும் அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொரு வீட்டைக் கட்டி அங்கே போய்விடுவார்கள். அக்கா தங்கைமார் ஒரு வேலிக்குள்ளேயே கிழவிகளாகிவிடுவார்கள். சைவரிடம் உள்ள இந்த வழக்கம் கத்தோலிக்கரிடமும் உண்டு. அதனால் சமையல் குறிப்பு பயணம் செய்ய வேண்டியதே இல்லை. அது குசினியோடு சேர்ந்து சீதனமாகக் கைமாறும். அம்மம்மா ரவை வறுத்த தாச்சியில்தான் அம்மா வறுத்தார். அளவு எதுவும் எழுதப்படவில்லை, ஒரு பழைய பால்மாப் பேணிதான் அளவு. அந்தப் பேணி நசுங்கிய வருடம் வளவில் நடந்த வாக்குவாதம் ஒரு எல்லைத் தகராறுக்குக் குறையாது. கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைமாருக்குக் கஜு உடைக்கிற வேலை.

நவம்பர் கடைசியில் பழம் வெட்டு. பிளம்ஸ், தோசி, இஞ்சிப் பாகு, கஜு எல்லாவற்றையும் கடுகளவுக்குப் பொடியாக வெட்டி, பிராண்டி ஊற்றி, போத்தலில் அடைத்து மூன்று நாலு கிழமை ஊறவிடுவார்கள். அடைமழைக் காலம், வெளியே வைத்த பாணில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். அத்தனை சீனியும் மதுவும் குடித்த பழத்தை அது தொடாது. மழைக்கு ஏற்ற கேக் இது.

சுடுவதுதான் பழைய காலத்தில் பெரிய பாடு. வீட்டில் போறணை இல்லை. சிரட்டைக் கரித் தணலை மூடிக்கு மேலும் சட்டிக்குக் கீழும் போட்டுச் சுட்டவர்கள் உண்டு. கூடக் கேக் செய்கிற வீட்டார் தட்டுகளைப் பேக்கரிக்குக் கொண்டு போனார்கள். பாண் போடுகிற செங்கல் போறணை விறகில் எரிந்து உக்கிரமாக இருக்கும்போது கேக் வைத்தால் கரிந்துவிடும். பாண் எல்லாம் வெளியே வந்து, நெருப்பு அடங்கி, சூடு மெல்ல இறங்கும் நேரம்தான் ரவைக் கேக்குக்குத் தோது. அதனால் நத்தார் கேக்கின் நேரத்தைத் தீர்மானித்தது வீட்டுக்காரியல்ல, ஊரின் பாண். அடியில் பிடிக்காமல் இருக்கத் தட்டில் ஏழெட்டு மடிப்புப் பழைய பத்திரிகை விரிப்பார்கள். கல்லடியிலிருந்து புளியந்தீவுக்கு, 1924இல் கட்டிய இரும்புப் பாலத்தின் மேல், துணியால் மூடிய தட்டுகள் தலையில் போகும். தட்டு மாறிப்போய் யாரோ ஒருவரின் கேக்கை நாங்கள் தின்ற வருடமும் உண்டு. அதில் ஏலம் கூடிப்போயிருந்தது என்று அம்மா இன்றைக்கும் குறை சொல்வார். எங்களுடையதைத் தின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வாவி இந்த மேசைக்கு வந்ததும் ஒரு தடையால்தான். பழைய திருச்சபைச் சட்டப்படி நத்தாருக்கு முதல் நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும். இறைச்சி ஆகாது. ஆனால் மீன் ஆகும், இறால் ஆகும், நண்டும் ஆகும். போர்த்துக்கலில் அந்த இரவில் உப்பிட்ட கொட் மீன் தின்கிறார்கள். இங்கே வாசலில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாவி கிடக்கும்போது உப்பிட்ட மீனைத் தேடுவானேன்? 1966இல் உரோமாபுரி நோன்பு விதிகளைத் தளர்த்தியும் எங்கள் வீட்டில் 24 இரவு இறைச்சி வரவில்லை. நண்டுக் கறியும் பிட்டும்தான். நண்டு உடைக்கும் கையோடு சாமப்பூசைக்குப் போக முடியாது என்பதால் பூசை முடிந்து வந்த பிறகுதான் சாப்பாடு. முருங்கையிலை போட்டு, தேங்காயும் அரிசியும் வறுத்தரைத்துச் சேர்த்து, குழம்பு பிட்டுக்குள் இறங்கும் பதத்தில் இருக்க வேண்டும். பசிக்காக உண்கிற சாப்பாடல்ல அது, அதிகாலை இரண்டு மணிக்கு விரலைச் சூப்பிக்கொண்டு ஊர்க்கதை பேசுவதற்கான ஏற்பாடு. என்னைக் கேட்டால் நத்தார் முழுவதையும் இந்த இரவுக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

மறுநாள் மத்தியானம் மஞ்சட்சோறு, வினாகிரி ஆட்டிறைச்சி, கோழிப் பொரியல், அச்சாறு. மார்கழியில் வயல் இன்னும் பச்சையாகத்தான் நிற்கும். புது அரிசி பொங்கலுக்குத்தான் வரும். ஆகவே நத்தார்ச் சோறு எப்போதும் போன போகத்து அரிசி, நல்லாய் உதிரும். முடிவில் எருமைத் தயிரும் தேனும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத மட்டக்களப்புத் தயிருக்கு முன்னால் புடிங் வைத்தவர்கள் யாரும் வென்றதாக எனக்கு நினைவில்லை.

பதில் சாமான் தேடும் பழக்கம் பிற்காலத்திலும் கைகொடுத்தது. 1970களின் முற்பாதியில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது பிளம்ஸ் கண்ணில் படவில்லை. அம்மம்மா பப்பாசிக்காயைப் பொடியாக வெட்டி, கிடைத்த சீனியில் காய்ச்சி, வெயிலில் காயவைத்துப் போட்டார். யுத்த காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குச் சாமான் போவதற்கு எத்தனையோ கட்டுப்பாடுகள். கடல் பக்கத்து எழுவான்கரையில் கேக் வெட்டும் வீடுகளின் உறவினர் அந்தக் கரையில் வெறும் பிட்டோடு நத்தார் கொண்டாடினார்கள். 2022இல் பால்மாவும் காஸும் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது பட்டர் விலையைக் கேட்டுவிட்டு அம்மா சிரித்தார். அந்த வருடம் கேக் பாதியளவு, தணல் பழையபடி மூடிக்கு மேல் ஏறியது.

2004 நத்தார் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, போயா. கல்லடியிலும் டச்பாரிலும் நாவலடியிலும் பலகாரம் தீராத வீடுகளுக்குள் காலையில் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மெல்லிய நாடாபோலக் கிடக்கும் நிலம் அது. ஓடுவதற்கு இடம் இல்லை. டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பல அன்று அழிந்தன. அவர்களோடு எத்தனையோ குசினிகளின் எழுதாத அளவுகளும் போயின. அடுத்த வருடம், 2005 நத்தார் சாமப்பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள் வைத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் சில வருடங்கள் எங்கள் வீட்டில் சாமப்பூசைக்கு யாரும் போகவில்லை, விடிந்த பிறகுதான் கோவில். நண்டுக் கறியை மாலை ஏழு மணிக்கே தின்றுவிட்டுப் படுத்தோம். அது வேறு ஏதோ நாளின் சாப்பாடு மாதிரி இருந்தது.

இப்போது பிட்டு மறுபடி அதிகாலை இரண்டு மணிக்குத் திரும்பியிருக்கிறது. கேக்கைத் தீப்பெட்டியளவு துண்டாக்கி, எண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பெட்டியில் அடுக்குவது தங்கச்சியின் வேலை. காத்தான்குடி முஸ்லிம் நண்பர்களுக்காக ஒரு தட்டு பிராண்டி படாமல் தனியாகச் சுடப்படும். பழத்தை அதற்குப் பன்னீரிலும் தேனிலும் ஊறவைப்பார்கள். அவர்கள் பெருநாளுக்கு அனுப்பும் வட்டிலப்பத்துக்கு இது பதில். உண்மையைச் சொன்னால் அந்தப் பிராண்டி இல்லாத தட்டுத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், வீட்டில் சொல்வதில்லை.

கலண்டர் மேசையில் கிடக்கிறது. இம்முறை பறுவம் நத்தாருக்கு வெகுதூரம் முன்னாலேயே வந்து போய்விடுகிறது. நண்டுதான் என்று அம்மா முடிவு சொல்லிவிட்டார். எத்தனை கிலோ என்பதில் பெரியம்மாவுக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.